அனுஜாவின் பங்கு

சுளகுகள் ஏறி இறங்கின. குடோனின் தகரக் கூரைக்கு அடியில் பச்சை வெளுத்த நிலாவாரை இலை கும்பல் கும்பலாகக் கொட்டிக் கிடந்தது. ஒவ்வொரு கும்பலைச் சுற்றியும் ஒரு செட்டுப் பெண்கள் தலையில் துண்டும் மூக்கில் சேலைத் தலைப்புமாக உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தார்கள். காம்பும் காயும் ஒரு பக்கம், நல்ல இலை ஒரு பக்கம், தூசி எல்லாப் பக்கமும். வெளிநாட்டில் பேதி மருந்துக்குப் போகிற இலை அது. அங்கே போய்ச் சேரும்போது கண்ணாடிக் குப்பிக்குள் மிகச் சுத்தமாக இருக்கும். இங்கே அதைச் சுத்தம் செய்கிறவர்களுக்குச் சாயந்திரத்துக்குள் புருவமும் இமையும் ஒரே நிறமாகிவிடும்.

வேல்விழி துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு கும்பல்களுக்கு நடுவே நடந்து இரும்புப் படியில் ஏறினாள். மாடியில் ஒரு கண்ணாடி அறை, மூன்று மேசை, மூன்று நாற்காலி. இரண்டில் ஆளில்லை. ஜோன்ஸ் சென்னைக்கு வேலை மாறிப் போனான். சரண்யாதேவி கல்யாணமாகிப் போனாள். அந்த இடங்களுக்கு ஆள் எடுக்கச் சொல்லி வேல்விழி கேட்டபோது, மேனேஜர் கிளைட்டன், "அதான் ஏ.ஐ. வாங்கித் தந்திருக்கேன்ல. அது ரெண்டு ஆளு வேல செய்யும்" என்று முடித்துவிட்டார். காலி நாற்காலிகளின் மேல் இப்போது பழைய பிரிண்டரும் பேல் கட்டுகிற சணல் உருண்டைகளும் உட்கார்ந்திருந்தன.

அந்த ஏ.ஐ.க்கு முகம் கிடையாது, குரலும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி மினுக்கும். வேண்டியதைத் தட்டினால் பதில் எழுதும். புரோகிராம் எழுதச் சொன்னால் எழுதும், பிழை பார்க்கச் சொன்னால் பார்க்கும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு வெளியே உள்ள எதையும் அதனால் தானாகத் தொட முடியாது. கீழே எடை எவ்வளவு விழுந்தது என்று அதற்குத் தெரிய வேண்டுமானால், எடைத் தராசிலிருந்து கணக்கை எடுத்துவரும் ஒரு சிறிய டூலை எழுதி அதோடு மாட்டிவிட வேண்டும். டூலுக்கு ஒரு பெயரும், அது எதற்கு உதவும் என்று இரண்டு வரி விளக்கமும் கொடுத்தால் போதும். அதைப் படித்துவிட்டு எப்போது எதைக் கையில் எடுப்பது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும்.

வேல்விழி ஒவ்வொன்றாக மாட்டினாள். முதலில் தராசு. பிறகு செட்டில் யார் யார் என்று எழுதுகிற ஆள் பதிவு. பிறகு கிளைட்டனின் போனுக்குச் செய்தி அனுப்புகிற ஒன்று. ஒவ்வொன்றையும் மாட்டி முடித்ததும் திரையில் பட்டியல் ஒரு வரி நீளும். அதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், தூத்துக்குடிக்கு வந்த பிறகு அவளுக்கு ஒழுங்காக நடந்த காரியம் இது ஒன்றுதான்.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் கரிசல் ஊர் அவளுடையது. அப்பா இதே இலையைத்தான் மானாவாரியில் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே லேடீஸ் ஹாஸ்டலில் கூட இருந்தவள் அறையைக் காலி செய்து போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைப் பூங்காவில் போய் உட்கார்ந்தால், சுண்டல்காரரிடம் "ஒண்ணு குடுங்க" என்பதுதான் அன்றைக்கு அவள் பேசுகிற பேச்சு. வேலை முடிந்ததும் கறுப்புத் திரை, "வேறு ஏதாவது செய்யட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்கும். "வேண்டாம், நன்றி" என்று அவளும் தட்டுவாள். தட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்ப்பாள். அறையில் பார்ப்பதற்கு யாரும் இருந்ததில்லை.

அவளைக் கீழே இறக்கியது மூன்றாம் செட்டின் ஞானசௌந்தரிதான். வந்த புதிதில் ஒரு நாள் மத்தியானம் படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து கூப்பிட்டாள்.

"ஏளா, மேல இருக்க பிள்ள. ஒத்தையில உக்காந்து தின்னா சோறு எறங்குமா? இங்கன வா."

அன்றிலிருந்து வேல்விழிக்கு மத்தியானச் சாப்பாடு குடோனுக்குப் பின்னால், வேப்பமர நிழலில், மூன்றாம் செட்டோடு. எல்லாரும் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள். கழுத்தில் சின்னச் சிலுவை. கையில் இலைக் கறை. புருஷன்மார் விசைப்படகில் போகிறவர்கள், போய் வந்து படுத்திருக்கிறவர்கள், போகாமலே படுத்திருக்கிறவர்கள் என்று மூன்று வகை. குழம்பை எல்லாருக்கும் ஊற்றி முடித்ததும் ஞானசௌந்தரி ஒரு தூக்குவாளியில் தனியாக எடுத்து மூடி வைப்பாள். அது அனுஜாவுக்கு.

அனுஜா அந்தச் செட்டுக்காரிதான். இலைத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்க ஆரம்பித்து, வீட்டில் தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி கிடந்தாள். குடோன் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வராவிட்டாலும் தினமும் காலையில் எடைக் கிளார்க் நேசக்குமாரிடம் ஆள் பேர் சொல்லும்போது ஞானசௌந்தரி அவள் பேரையும் சேர்த்தே சொல்லுவாள். நேசக்குமார் தலையை நிமிர்த்தாமல் பதிந்துகொள்வான். இதை ஒளித்து மறைத்தெல்லாம் வைக்கவில்லை. ஒரு நாள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே வேல்விழியிடம் அவளே சொன்னாள்.

"கடலுக்குப் போறவன் ஒருத்தன் காய்ச்சல்னு கரையில கெடந்தா, போன போட்டு கரைக்குத் திரும்புனதும் அவன் பங்க வீட்டுல குடுத்துருவாவ. நாளைக்கு நமக்கும் காய்ச்சல் வரும்லா. அதேதாம்ளா இங்கனயும்."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"கம்பெனிக்கு என்ன நட்டம்? எடைக்குத்தான கூலி. அவ சுளகையும் சேத்து நாங்கதான பொடைக்கோம்."

அது சரிதான். செட்டுக்கு விழுந்த எடைக்குத்தான் கூலி. பேருக்குச் சமமாக அவர்களே பிரித்துக்கொள்வார்கள். அனுஜாவின் எடை குறையாமல் இருக்க மற்றவர்கள் அரை மணி முன்னால் வந்து அரை மணி பின்னால் போனார்கள். கூலியைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது. பதிவில் பேர் இருந்தால்தான் இ.எஸ்.ஐ.யில் நாள் ஏறும். இந்த மாதக் கடைசி வரை பேர் நின்றால் அட்டை செல்லும், நெஞ்சு வைத்தியம் நடக்கும். பேர் விழுந்துவிட்டால் எல்லாம் வெளியே காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதுதான். அனுஜாவின் புருஷன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறவன்.

அன்று காலையில் கிளைட்டன் மாடிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கார்ச் சாவி. பேசும்போது ஆளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு.

"வேல்விழி, வாராவாரம் கூலிக் கணக்கு ஒதைக்குது. அந்த நேசக்குமாரு ஒண்ணக் கெடக்க ஒண்ணு தட்டுதான். எல்லாத்தையும் ஏ.ஐ.கிட்ட குடுத்துச் சரிபாக்கச் சொல்லு. வாசல்ல இருக்கே, மூஞ்சி பாக்க மெஷினு, அதையும் மாட்டிரு. லாரிக்காரன் வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதுலதான இருக்கு."

"சரி சார்."

வாசலில் செக்யூரிட்டிக்காக வைத்த மெஷின் அது. முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து, "நன்றி" என்று ஒரு பெண் குரல் சொல்லும். அதற்கும் கூலிக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. வேல்விழி அதன் பதிவை எடுத்து வரும் டூலை எழுதினாள். அது கொஞ்சம் முரண்டு பிடித்தது. மெஷினின் பாஸ்வேர்டு செக்யூரிட்டி செல்வதுரையிடம் இருந்தது; அவர் அதைத் தொப்பிக்குள் எழுதி வைத்திருந்தார். இரண்டு முறை தப்பாகி மூன்றாம் முறை ஓடியது. பட்டியலில் புதிய வரி வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை.

செய்தி அனுப்பும் டூலைக் காலையில் சோதித்தபோது, ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்டு நின்றது எரிச்சலாக இருக்க, அதற்கு "இனிக் கேட்க வேண்டாம்" என்று கொடுத்து வைத்திருந்தாள். இப்போது மொத்த வேலையையும் தட்டினாள். இந்த மாதக் கூலிக் கணக்கை எல்லாப் பதிவோடும் ஒப்பிட்டுப் பார், பிழை எதுவானாலும் எடுத்து எழுது, முடித்ததும் சாருக்கு அனுப்பு.

அது தராசைத் திறந்தது. ஆள் பதிவைத் திறந்தது. பிறகு நின்று கேட்டது: வாசல் பதிவைப் பார்க்கலாமா? கீழே மூன்று விடை. ஆம். ஆம், இனிக் கேட்க வேண்டாம். இல்லை.

"ஏளா வேலு, கொழம்பு ஆறுது. வாரியா, சட்டிய வழிச்சிரட்டா?" கீழேயிருந்து சத்தம் வந்தது.

ஒவ்வொரு நாள் பதிவுக்கும் அது இப்படிக் கேட்டு நிற்கும். அவள் மேலேயே உட்கார்ந்து ஆம், ஆம் என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார்கள். அவளுக்கு அன்றைய நாளில் மனிதர்களோடு இருக்கக் கிடைப்பது அந்த நேரம் மட்டும்தான். இரண்டாவது விடையை அமுக்கிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினாள்.

சாளை மீன் குழம்பு. ஞானசௌந்தரி இரண்டு மீனை அவள் சோற்றில் வைத்தாள்.

"கண்ணாடி வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். யார்கூடளா பேசுத? வாய் அசையுது, சத்தத்தக் காணும்."

"கம்ப்யூட்டர்கூடக்கா."

"அது பதில் சொல்லுதா?"

"சொல்லும். கேட்டதுக்கு மேலயும் சொல்லும்."

"அப்ப எங்க வீட்டுல உள்ளவரக் காட்டிலும் தேவல" என்றாள் ஞானசௌந்தரி. எல்லாரும் சிரித்தார்கள். வேல்விழிக்குப் புரையேறியது. ஒருத்தி அவள் தலையில் தட்டினாள். அப்படித் தட்டி வெகுநாள் ஆகியிருந்தது.

பேச்சு அனுஜாவிடம் போனது. நேற்று ராத்திரி ஆவி பிடித்ததாகவும், கொஞ்சம் தேவலை என்றும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுக்க அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

"அட்டைய மட்டும் கைய விட்டுரக் கூடாது" என்றாள் ஞானசௌந்தரி. "லீவு கேட்டதுக்கு, சேந்து வருசம் ஆகல, கெடயாதுன்னுட்டாவ. மாசம் முடியட்டும். மாதா காப்பாத்துவா." தூக்குவாளியை எடுத்து அனுஜாவுக்கு ஒரு மீன் கூடப் போட்டு மூடினாள்.

வேல்விழி கை கழுவி மேலே வந்தபோது வேலை முடிந்திருந்தது. திரையில் நேர்த்தியாக எழுதியிருந்தது. நேசக்குமார் தப்பாகத் தட்டிய எடைகள், லாரி நேரத்தில் இரண்டு குளறுபடி. அதற்கும் மேலே, முதல் வரியாக: மூன்றாம் செட், அனுஜா. ஆள் பதிவில் தினமும் பேர் உள்ளது. வாசல் பதிவில் ஒரு நாளும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வரி: இச்செட்டின் எடையும் கூலியும் சரியாகப் பொருந்துகின்றன, நிறுவனத்துக்கு மிகைச் செலவு எதுவும் காணப்படவில்லை. அதற்கும் அடியில்: செய்தி அனுப்பப்பட்டது.

செய்தியை அழிக்க முடியுமா என்று பார்த்தாள். நீல டிக் விழுந்திருந்தது. அது கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பாள். கேட்கத்தான் செய்தது, கேட்காதே என்று சொன்னவள் அவள். என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே வாசல் டூலைக் கழற்றும் கட்டளையைத் தட்டினாள். பட்டியலில் ஒரு வரி குறைந்தது. போன் அடித்தது.

கிளைட்டனின் அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனைத் திருப்பிக் காட்டினார்.

"என்ன இது?"

"அது தப்பா வந்துருக்கு சார்."

"என்ன தப்பு?"

"வாசல் டூல் சரியா மாட்டல சார். என் மிஸ்டேக். சில பேரோட பதிவு விட்டுப் போயிருக்கும். நான் அதக் கழட்டிட்டேன்."

அவள் இதுவரை ஆபீசில் பொய் சொன்னதில்லை. கிளைட்டன் கொஞ்சம் யோசித்தார், கோபப்படவில்லை.

"அப்பிடியா. லேப்டாப்ப இங்கன கொண்டா. மறுபடி மாட்டு, பாப்போம்."

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி மாட்டினாள். ஒரே ஒரு வரி. வேண்டுமென்றே ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தாள். அது மாட்டாமல் போக, "எழுத்து விட்டுப்போயிருக்கு பாரு" என்று அவர் விரலால் சுட்டினார். திருத்தினாள். அதே கேள்வியைத் தட்டச் சொன்னார். வாசல் பதிவைப் பார்க்கலாமா என்று அது கேட்டது. கழற்றி மாட்டியதால் இப்போது மறுபடியும் ஒவ்வொன்றாகக் கேட்டது. மூன்று விடைகளும் திரையில் இருந்தன. வேல்விழியின் விரல் அசையவில்லை.

"ஆமான்னு குடு" என்றார் கிளைட்டன்.

கொடுத்தாள். அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று அது கேட்கக் கேட்க, அவர் ஒவ்வொரு தடவையும் "ம்" என்றார். அவள் ஒவ்வொரு தடவையும் அமுக்கினாள். அனுஜாவின் பேர் முதல் வரியில் வந்தது. அவர் அதோடு வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

"கடைசி வரியப் பாருங்க சார். கம்பெனிக்கு ஒரு நட்டமும் இல்லன்னு அதுவே சொல்லியிருக்கு."

"சௌந்தரிய வரச் சொல்லு."

ஞானசௌந்தரி துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி வந்தாள். அவள் முகத்தில் துண்டு மறைத்த இடம் மட்டும் தூசி படியாமல் கறுப்பாக இருந்தது. கிளைட்டன் விஷயத்தைச் சொன்னார். அவள் மறுக்கவில்லை.

"ஆமா சார், அவளுக்குச் சீக்கு. நாங்கதான் பேரு சொன்னோம். அவ வேலையையும் சேத்துப் பாக்கோம்."

"வராத ஆளுக்கு எப்பிடிப் பேரு சொல்லலாம்?"

"பங்கு சார் அது. ஒங்களுக்குத் தெரியாததா?" அவள் குரல் இறங்கியது. "ஒங்க வீட்டுலயும் போட்டு இருந்துச்சு தம்பி. எங்க மாமனாரு காலு ஒடிஞ்சு கெடக்கும்போது ஒங்க அப்பா பங்கு எடுத்துக் குடுத்தாவ. அந்தப் பங்குலதான் நாங்க கஞ்சி குடிச்சோம். மாமனாரு போட்டுல போவாமலே குடுத்தாவ."

கிளைட்டன் மேசை மேல் இருந்த சாவியை நகர்த்தி வைத்தார்.

"அது போட்டு. இது கம்பெனி. அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வாரான். வராத ஆளு பேரு இருக்குன்னு அவன் பாத்தா ஆர்டரே போயிரும். அப்ப ஒங்க எல்லாருக்கும்தான் வேல இருக்காது."

"மாசம் முடிய விட்டுருங்க தம்பி. அட்ட போயிரும் அவளுக்கு."

"நான் மனுசன்தான். போன நாளெல்லாம் நான் பாக்கல, அப்பிடியே கெடக்கட்டும். நாளையிலருந்து வாசல்ல மூஞ்சி பதிஞ்சாதான் பேரு. அவ்வளவுதான் என்னால முடியும்." தான் இறங்கி வந்துவிட்டதாக அவர் உண்மையிலேயே நம்பினார். வேல்விழியின் பக்கம் திரும்பி, "தெனமும் காலைல இந்தச் செக்கிங் தானா ஓடி எனக்கு மெசேஜ் வரணும். இன்னைக்கே போட்டுரு. நல்ல வேல பண்ணியிருக்க" என்றார்.

அந்தக் கடைசிச் சொற்களின்போது ஞானசௌந்தரி வேல்விழியைப் பார்த்தாள்.

படியில் இறங்கும்போது வேல்விழி அவள் பின்னாலேயே போனாள்.

"யக்கா, எனக்குத் தெரியாமப் போச்சு."

ஞானசௌந்தரி நின்றாள். "தெரியாமலா? ஒங்கிட்ட நாந்தானளா சொன்னேன்."

"அது அனுஜாக்கா பேர எடுத்து எழுதும்னு நெனைக்கலக்கா. சாப்பிட வரணும்னு அவசரத்துல…"

அதைச் சொன்னதும் அவளுக்கே கேவலமாக இருந்தது. ஞானசௌந்தரி திட்டியிருந்தால் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும். அவள் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, "போ. போயி ஒன் வேலயப் பாரு" என்று சொல்லிவிட்டுத் தன் கும்பலுக்குப் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் சுளகை நிறுத்தி அவள் சொல்வதைக் கேட்டார்கள். அண்ணாந்து மாடியை யாரும் பார்க்கவில்லை. சுளகுகள் மறுபடியும் ஏறி இறங்கின.

வேல்விழி மேலே வந்து உட்கார்ந்தாள். செய்ய மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் நாளைக்கு மூன்றாவது நாற்காலியிலும் சணல் உருண்டை ஏறும். ஊருக்குப் போனால் அப்பா ஒன்றும் கேட்க மாட்டார். அம்மா எல்லாம் கேட்பாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். இலை விலை இறங்கிவிட்டது என்றாள் அம்மா. சாப்பிட்டியா என்றாள். "சாப்பிட்டேன்மா. சாளை மீனு" என்றாள் வேல்விழி. போனை வைத்துவிட்டு, தினமும் காலையில் தானாக ஓடும்படி அந்த வேலையை எழுதி முடித்தாள். இனி யாரும் எதையும் அமுக்க வேண்டியதில்லை. வேறு ஏதாவது செய்யட்டுமா என்று திரை கேட்டது. அவள் பதில் தட்டாமல் மூடினாள்.

மறுநாள் காலையில் அவள் வரும்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தோளைக் கொடுத்து அனுஜாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேல்விழி அவளைப் பார்த்து நாளாகியிருந்தது. கழுத்தெலும்புக்கு மேலே பள்ளம் விழுந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தப் பள்ளம் உள்ளே இழுத்தது. ஈரத்துணியை நாலாக மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். அவள் புருஷன் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து இருமல் மருந்துப் பையைப் பிடித்திருந்தான். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை.

செல்வதுரை மெஷினைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அனுஜா முகத்தைக் காட்டினாள். சிவப்பு எரிந்தது.

"துணிய எடுத்தாத்தாம்மா பதியும்" என்றார் செல்வதுரை. அவருக்கும் சொல்லப் பிடிக்கவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஞானசௌந்தரி துணியின் முடிச்சை அவிழ்த்தாள். அனுஜா மெஷினுக்கு நேராக நின்றாள். இருமல் வந்தது. முகம் ஆடியதால் மறுபடியும் சிவப்பு. பின்னால் வரிசை சேர்ந்தது, யாரும் அவசரப்படுத்தவில்லை. ஞானசௌந்தரி இரண்டு கையாலும் அவள் தலையை, சின்னப் பிள்ளைக்குப் பொட்டு வைக்கப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நிமிசம் மூச்சப் பிடிச்சுக்கோளா. ஒரே ஒரு நிமிசம்."

அனுஜா மூச்சைப் பிடித்தாள். பச்சை எரிந்தது. "நன்றி" என்றது மெஷின்.

வேல்விழி தன் முகத்தையும் காட்டிவிட்டு அவர்களைக் கடந்து போனாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

மேலே திரை விழித்திருந்தது. வேலை தானாகவே ஓடி முடிந்திருந்தது. மூன்றாம் செட்: ஆள் பதிவும் வாசல் பதிவும் பொருந்துகின்றன. முரண்பாடு எதுவும் இல்லை. செய்தி அனுப்பப்பட்டது. பதிலுக்குக் கிளைட்டன் கட்டைவிரல் ஒன்றை அனுப்பியிருந்தார்.

அவள் கண்ணாடியருகே போய்க் கீழே பார்த்தாள். மூன்றாம் செட்டு இலைக் கும்பலைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. நடுவில் அனுஜா தரையில் இரண்டு கையையும் ஊன்றி, வாய் திறந்து, தோள் குலுங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்து இலையை மற்றவர்கள் ஏற்கெனவே தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டார்கள். அவள் முன்னால் வெறும் சாக்குதான் கிடந்தது. சுளகுகள் ஏறின. தூசி எழுந்து கூரை வரை போய், எல்லார் மேலும் விழுந்த அதே அளவுக்கு அவள் மேலும் விழுந்தது.